மலையகப் பாதைகளுக்கு ஏற்ற ஸ்கூட்டரைத் தெரிவு செய்வது எப்படி?

மலையகத்தில் ஸ்கூட்டர் வாங்க விரும்பும் இளைஞர்களும் யுவதிகளும் முதலில் கேட்பது "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்பதைத்தான். அடுத்த கேள்வி பெரும்பாலும் நிறத்தைப் பற்றியதாக இருக்கும். இரண்டுமே நியாயமான கேள்விகள் என்றாலும், ஷோரூமில் கிடைக்கும் விடைகள் சமதரையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கோ, கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கோ, பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கோ நாள்தோறும் சென்று திரும்பும் ஒருவருக்கு, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது வண்டி எப்படி நிற்கும் என்பதே முதலில் தெரிய வேண்டியது. அதற்கு அடுத்தது ஏற்றம். எரிபொருளும் தோற்றமும் அவற்றுக்குப் பின்னரே வரும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

பாதையை முதலில் பாருங்கள்

எந்த ஸ்கூட்டரையும் பார்க்கப் போவதற்கு முன்னர், அது நாள்தோறும் ஓடப்போகும் பாதையை ஒருமுறை நிதானமாக மனத்தில் ஓட்டிப் பாருங்கள். தோட்டக் குடியிருப்புகள் பலவற்றில் லயனிலிருந்து காபட் வீதியை அடைவதற்கு முன்னர் ஒன்றிரண்டு கிலோமீற்றர் தூரம் கல் ரோடோ, ஓரங்கள் உடைந்த கொங்கிரீட் பாதையோ இருக்கும். மொத்தப் பயணத்தில் அது சிறு பகுதியாகத் தோன்றினாலும், டயரும் ஷொக் அப்சோபரும் அடிவாங்குவது அங்கேதான். ஆகவே சக்கரத்தின் அளவை அலட்சியம் செய்ய வேண்டாம். 10 அங்குலச் சக்கரம் குழிக்குள் முழுமையாக இறங்கி ஏறும். 12 அங்குலச் சக்கரம் அதே குழியைச் சற்று மிதமாகக் கடக்கும். ஹொண்டா டியோவின் பழைய மாதிரிகளில் இரு சக்கரங்களும் 10 அங்குலம். 2020 இல் இந்தியச் சந்தைக்கு வந்த மாதிரியிலிருந்து முன்சக்கரம் 12 அங்குலமாக்கப்பட்டது. டீ.வி.எஸ். என்டோர்க், ஜூப்பிட்டர் ஆகியவற்றில் இரு சக்கரங்களும் 12 அங்குலம். ஸ்கூட்டி பெப் பிளஸ் போன்ற சிறிய வண்டிகளில் இரண்டும் 10 அங்குலமே. உங்கள் வீடு காபட் வீதியின் ஓரத்திலேயே இருந்தால் இந்த வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கல் ரோடு இருந்தால் குறைந்தபட்சம் முன்சக்கரமாவது 12 அங்குலமாக இருப்பது நல்லது. டியூப்லெஸ் டயர் இருப்பதும் பெரிய உதவி, ஏனெனில் ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகவே இறங்கும், டவுன் வரை வந்து சேரலாம்.

வண்டியின் அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளியை விபரத் தாளில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. அந்த அளவு ஆள் ஏறாத வண்டிக்கு உரியது. இருவர் ஏறி, கால் வைக்கும் பலகையில் ஒரு பையையும் வைத்த பின்னர் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதையும், அப்போது நடு ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது என்பதையும் குனிந்து பாருங்கள். தோட்டத்து ரோட்டில் நடுவே மேடு கட்டியிருக்கும் இடங்களில் முதலில் உரசுவது அந்த ஸ்டாண்ட்தான்.

மழையும் பாதையின் ஒரு பகுதியே. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கங்களை நனைக்கும். வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டிறுதியில் தொடங்கும் வடகீழ்ப் பருவ மழை பதுளை, வெலிமடைப் பக்கங்களுக்கு உரியது. எந்தப் பக்கம் வசித்தாலும் ஆண்டில் பல மாதங்கள் நனைந்த வீதியிலும் மூடுபனியிலும் ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால், டயரின் பிடிப்பும் முன்விளக்கும் இங்கே வசதிக்கான விடயங்கள் அல்ல.

முன்விளக்கைப் பற்றி ஒரு நுணுக்கமான விடயம் உண்டு. பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் முன்விளக்கு பற்றரியிலிருந்து அல்லாமல் நேரடியாக என்ஜின் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் எரிகிறது. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது வெளிச்சமும் மங்கும். அதாவது, மூடுபனியில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எக்சலேட்டரை விட்டுத் திரும்பும் அந்தக் கணத்தில், வெளிச்சம் மிகவும் தேவைப்படும்போது, அது குறைந்துவிடும். வண்டியைப் பொழுது சாயும் நேரத்தில் பார்க்கச் செல்லுங்கள். என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். பின்னர் சிறிது எக்சலேட்டர் கொடுங்கள். வெளிச்சத்தில் பெரிய மாற்றம் தெரிந்தால் அது உங்கள் பாதைக்கு உகந்த விளக்கு அல்ல. பற்றரியிலிருந்து மின்சாரம் பெறும் எல்.ஈ.டி. விளக்குகளில் இந்தக் குறை இல்லை.

இறக்கம்

கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் இறக்கத்தில் வரும்போது இரண்டாம் கியருக்கு மாற்றினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் அந்த வசதி முழுமையாக இல்லை. வேரியேட்டர், பெல்ட், கிளச் ஆகிய மூன்றும் சேர்ந்து கியரின் வேலையைத் தாமாகச் செய்கின்றன. அந்தக் கிளச், சுழற்சி வேகம் கூடும்போது தானாகப் பிடித்துக்கொள்ளும், குறையும்போது தானாக விட்டுவிடும். எக்சலேட்டரை மூடிய நிலையில் இறங்கும்போது ஓரளவு வேகம் இருக்கும் வரை என்ஜினின் இழுவை சிறிது கிடைக்கும். ஆனால் வளைவுக்காக வேகத்தை நன்றாகக் குறைத்தவுடன் கிளச் விட்டுவிட, வண்டி நியூட்ரலில் போவதுபோல் தன் எடையினாலேயே உருளத் தொடங்கும். 105 கிலோ வண்டி, தலா 60 கிலோ எடையுள்ள இருவர் என்று வைத்துக்கொண்டால், 225 கிலோவையும் அந்த இடத்தில் பிரேக் மட்டுமே தாங்குகிறது. அப்படி உருளும்போது ஒரு கணம் சிறிது எக்சலேட்டர் கொடுத்து மூடினால் கிளச் மீண்டும் பிடித்து, என்ஜின் இழுவையும் திரும்பக் கிடைக்கும். ஸ்கூட்டருக்குப் புதியவர்கள் இதைப் பழகிக்கொள்வது அவசியம்.

இதனால்தான் பிரேக்கின் வகை மலையகத்தில் முதன்மையான விடயமாகிறது. ட்ரம் பிரேக்கில் லைனர்கள் மூடிய கூட்டுக்குள் உராய்கின்றன. சூடு வெளியேறுவதற்கு வழி குறைவு. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் லைனர் சூடேறிப் பிடிப்பை இழக்கும், லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி எதிர்பார்த்தபடி நிற்காது, கருகிய வாடையும் வரலாம். டிஸ்க் பிரேக் காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறும். ஆகவே, நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமோ, அப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கமோ ஒழுங்காக இறங்கி ஏறுபவராக இருந்தால் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியையே வாங்குங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன். கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தாலும், மற்ற எந்த மேலதிக வசதியையும் விட்டுக்கொடுத்து இதைப் பெற்றுக்கொள்ளலாம். ட்ரம் பிரேக் மட்டும் உள்ள வண்டியைப் பலர் இங்கே ஆண்டுக் கணக்கில் ஓட்டுகிறார்கள் என்பது உண்மையே. அவர்கள் பெரும்பாலும் தனியாக, மெதுவாக, குறுகிய தூரம் செல்பவர்கள்.

சி.பி.எஸ். எனப்படும் இணைந்த பிரேக் முறை உள்ள வண்டிகளில் இடது லீவரை அழுத்தினால் பின் பிரேக்குடன் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் புதிதாகப் பழகியவர்களுக்கு, இது நல்ல பாதுகாப்பு. ஒரே மாதிரியிலும் எல்லா வகைகளுக்கும் இந்த முறை இருப்பதில்லை என்பதால், வாங்கப்போகும் வண்டிக்கே அது உண்டா என்று கேட்டு, லீவரை அழுத்தியும் பாருங்கள். டிஸ்க் பிரேக்கில் உள்ள பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் கொதித்துவிடும், லீவர் பஞ்சுபோல அமுங்கும். நமது ஈரமான காலநிலையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது செலவு குறைந்த, பலரும் மறந்துவிடும் காரியம்.

இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வந்தால் பெற்றோல் மிச்சம் என்று அறிவுரை சொல்லும் மாமாக்கள் எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்பை ஏற்றுக்கொண்டு அறிவுரையை விட்டுவிடுங்கள். என்ஜின் நின்றால் சிறிதளவு கிடைத்த இழுவையும் போய்விடும். மேலே சொன்ன பழைய வகை வண்டியானால் முன்விளக்கும் அணைந்துவிடும். எரிபொருளைப் பீச்சும் முறையுள்ள என்ஜின்களில், எக்சலேட்டரை மூடி இறங்கும்போது பெற்றோல் செல்வதை வண்டியே பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது என்பதால், அந்தச் சிக்கனமும் பெரிதாக ஒன்றுமில்லை.

ஏற்றமும் உயரமும்

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. என்ஜினுக்குள் செல்லும் ஒட்சிசனும் குறைகிறது. பொதுவான கணக்கின்படி ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் என்ஜினின் வலு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளன. ஆகவே கொழும்பில் துள்ளிக்கொண்டு போகும் அதே ஸ்கூட்டர், நுவரெலியாவில் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவை இழந்த நிலையில், கூடுதலாகச் செங்குத்தான ஏற்றத்தையும் ஏற வேண்டியிருக்கிறது. "பாஸ், வண்டி இழுக்குதில்லை" என்று கராஜில் வந்து நிற்கும் வண்டிகளில் சில, பழுதே இல்லாதவை.

இதிலிருந்து என்ஜினின் கொள்ளளவைப் பற்றிய முடிவு எளிதாகிறது. ஸ்கூட்டி பெப் பிளஸின் என்ஜின் 87.8 சி.சி.; எடை 100 கிலோவுக்கும் குறைவு. டவுனுக்குள் வேலை செய்யும், தனியாகச் செல்லும், உயரம் குறைந்த ஒருவருக்கு அது கையாள இலகுவான வண்டி, ஆனால் இருவருடன் நீண்ட ஏற்றத்துக்கு உரியது அல்ல. டியோ, ஜூப்பிட்டர் போன்ற 110 சி.சி. வகை வண்டிகள் தனியாள் பயணத்துக்கும், கண்டி, கம்பளை, பதுளை போன்ற உயரம் குறைந்த நகரங்களைச் சுற்றிய பயணத்துக்கும் போதுமானவை. 1,200 மீற்றருக்கு மேல் வசித்து, அடிக்கடி பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்பவர் 125 சி.சி. வண்டியைப் பார்ப்பதே சரி. என்டோர்க்கின் என்ஜின் 124.8 சி.சி.; எடை சுமார் 118 கிலோ. யமஹா ரே இசட்.ஆர். 125 சுமார் 99 கிலோ மட்டுமே என்பதால், வலுவும் வேண்டும், தள்ளி நிறுத்த இலகுவாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள் அதையும் கவனிக்கலாம். எடையைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: சாய்வான முற்றத்திலோ, லயனுக்கு மேலே உள்ள ரோட்டிலோ வண்டியைப் பின்னோக்கி இழுத்துத் திருப்ப வேண்டியவர் நீங்கள்தான்.

காபரேட்டரா, எரிபொருளைப் பீச்சும் எஃப்.ஐ. முறையா என்பது அடுத்த கேள்வி. காபரேட்டர், தான் சரிசெய்யப்பட்ட இடத்தின் காற்றுக்கு ஏற்ற அளவில் பெற்றோலைக் கலக்கிறது. தாழ்நிலத்தில் ட்யூன் செய்யப்பட்ட வண்டி மேலே வந்ததும், காற்று மெலிந்திருக்க பெற்றோல் மட்டும் பழைய அளவிலேயே செல்வதால், கலவை கனத்துவிடும். பிளக் கறுத்து, சைலன்சரில் பெற்றோல் வாடை வந்து, எரிபொருளும் வீணாகும். மேல்நாட்டு மெக்கானிக் ஒருவர் அதைச் சரிசெய்து தரலாம். எஃப்.ஐ. முறையில் சென்சர்கள் காற்றின் நிலையை அறிந்து கலவையைத் தாமே திருத்திக்கொள்கின்றன. குளிர்ந்த காலையிலும் இலகுவில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் அதன் பம்புக்கும் கணினிக்கும் நல்ல பற்றரி தேவை. பழுது ஏற்பட்டால் அதைப் பார்க்கும் கருவி உள்ள கராஜும் தேவை. 1,000 மீற்றருக்கு மேல் வசிப்பவர்களுக்கு எஃப்.ஐ. முறையையே பரிந்துரைப்பேன், அருகிலுள்ள டவுனில் அதற்குரிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால். நுவரெலியா, கந்தப்பளை போன்ற இடங்களில் மார்கழி, தை மாதக் காலை வேளைகளில் பற்றரி சோர்ந்துவிடுவது சாதாரணம் என்பதால், காலால் மிதித்து ஸ்டார்ட் செய்யும் கிக்கர் உள்ள வண்டியா என்றும் பாருங்கள். புதிய மாதிரிகள் சிலவற்றில் அது நீக்கப்பட்டுள்ளது.

ஏற்றத்தைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, உங்கள் பாதையில் உள்ள மிகச் செங்குத்தான இடத்துக்கு ஒப்பான ஏற்றத்தின் நடுவில் வண்டியை முழுமையாக நிறுத்துங்கள். பின்னர் பிரேக்கை மெதுவாக விட்டு எக்சலேட்டரைக் கொடுங்கள். நல்ல வண்டி சிறிது இரைந்து, அதிராமல் நகரத் தொடங்கும். என்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி வண்டி நகரத் தயங்கினால், அல்லது உதறலுடன் எழும்பினால், கிளச்சோ பெல்டோ தேய்ந்திருக்கிறது. புதிய வண்டியானால் அது உங்கள் ஏற்றத்துக்குப் போதாது. சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதால் இது தெரியவராது.

பெற்றோல் கணக்கு

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அட்டையின் கீழ் மோட்டார் சைக்கிள்களுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்ற அளவிலேயே கியூ.ஆர். பங்கீடு தொடங்கியது, 2023 செப்டெம்பரில்தான் அது நீக்கப்பட்டது. சிக்கனத்தைப் பற்றிய அக்கறை அன்றிலிருந்து இன்னும் கூர்மையாகியிருப்பது இயல்பே. ஆயினும் கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே அதற்காக எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

வேலைத் தலத்துக்கு ஒரு வழி 15 கிலோமீற்றர், மாதத்தில் 25 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 750 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 18.75 லீற்றர் தேவை. 45 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 16.7 லீற்றர் போதும். வேறுபாடு மாதத்துக்கு இரண்டு லீற்றர் அளவே. இன்றைய விலையில் அந்த இரண்டு லீற்றரை ஆண்டுக் கணக்கில் பெருக்கி, இரு வண்டிகளுக்கும் இடையிலான விலை வேறுபாட்டுடன் ஒப்பிட்டால், ஐந்து கிலோமீற்றர் கூடுதலாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் இலட்சக் கணக்கில் அதிகம் கொடுப்பது எவ்வளவு பயனற்றது என்பது விளங்கும். அதைவிட, ஏற்றத்தில் திணறும் சிறிய என்ஜினை முழு எக்சலேட்டரில் ஓட்டும்போது, பெரிய என்ஜின் கொண்ட வண்டிக்கு நிகரான பெற்றோலை அது குடித்துவிடுவதும் உண்டு.

நிறுவனங்கள் வெளியிடும் மைலேஜ் அளவுகள் வரையறுக்கப்பட்ட சோதனை நிலைமைகளில் பெறப்படுபவை. உங்கள் பாதையின் அளவை அறிய வேண்டுமானால், பெற்றோல் செட்டில் டாங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த உங்கள் வழக்கமான பயணத்தை 150 அல்லது 200 கிலோமீற்றர் வரை ஓட்டி, அதே செட்டில் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை நிரப்பிய லீற்றரால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான கணக்கு. ஏற்கெனவே அதே மாதிரியை ஓட்டும் நண்பர் ஒருவரிடம் இதைச் செய்து பார்க்கச் சொன்னால், வாங்குவதற்கு முன்னரே விடை கிடைத்துவிடும். இவ்வகை ஸ்கூட்டர்களுக்கு 92 ஒக்டேன் பெற்றோலே போதுமானது. 95 ஒக்டேன் அடித்தால் கூடுதல் தூரம் ஓடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. டயரில் காற்றைச் சரியாக வைத்திருப்பதும், எயார் ஃபில்டரைச் சுத்தமாக வைத்திருப்பதும் அதைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

தோற்றம்

இளம் வயதில் வண்டி அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புவதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை; பிடித்த வண்டியைத்தான் மனிதர் கழுவித் துடைத்து ஒழுங்காக சேர்விஸ் செய்வார்கள். ஆனால் எந்த அழகு நிலைக்கும் என்று பார்க்க வேண்டும். மங்கலான, பளபளப்பற்ற மெட் நிறங்கள் ஷோரூமில் கவர்ச்சியாக இருந்தாலும், கீறல் விழுந்தால் பொலிஷ் செய்து மறைக்க முடியாது; கல் ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சாதாரணப் பளபளப்பான நிறமே நன்று. கறுப்பும் கருஞ்சாம்பலும் மூடுபனியில் எதிரே வரும் பஸ் சாரதியின் கண்ணுக்குத் தாமதமாகவே தெரியும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆகியவற்றில் ஒன்று அழகுக்கும் பாதுகாப்புக்கும் உதவும். உடற்பகுதியில் கூரிய மடிப்புகளும் பிளாஸ்டிக் துண்டுகளும் அதிகமாக உள்ள மாதிரிகளில், ஒரு முறை சரிந்து விழுந்தால் மாற்ற வேண்டிய துண்டுகளும் அதிகம் என்பதை உதிரிப்பாகக் கடையில் விலை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

வாங்கிய பின்னர் செய்யும் அலங்காரங்களில் கவனம் தேவை. சத்தமிடும் சைலன்சர், கண்ணைக் கூசவைக்கும் மேலதிக விளக்குகள் போன்றவை பொலிஸ் நடவடிக்கைக்கு வழிவகுக்கும். வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் குறிப்பிடப்பட்டிருப்பதால், அதை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவிலும் மாற்ற வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டுவதாயின் விளக்குகளையும் இலக்கத் தகட்டையும் மறைக்காமல் ஒட்டுங்கள்.

உடலுக்குப் பொருந்துவதும் தோற்றத்தின் பகுதிதான். சீற்றின் உயரம் இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் 760 முதல் 780 மி.மீ. வரை இருக்கும், எண் ஒன்றாக இருந்தாலும் அகன்ற சீற்று கால்களை விரித்துவிடும் என்பதால் உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் எட்டாது. சமதரையில் இரு பாதங்களும் முழுமையாக ஊன்ற வேண்டும். அப்போதுதான் சாய்வில் நிற்கும்போது தாழ்ந்த பக்கத்துக் காலாவது நிலத்தைத் தொடும். சாரி உடுத்தி வேலைக்குச் செல்லும் ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும் பின் சக்கரத்துக்குச் சேலைக் காப்பு உண்டா என்று கேட்டுப் பொருத்திக்கொள்ள வேண்டும். கால் வைக்கும் பலகையில் காஸ் சிலிண்டரை நிறுத்திக்கொண்டு இறங்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். வளைவில் அது சரிந்தால் ஹேண்டிலும் திரும்பாது, காலும் ஊன்றாது.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றிச் சுருக்கமாக: ஏற்றம் அதிகமானால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் விளம்பரத்தில் சொல்வதைவிடக் கணிசமாகக் குறையும், சக்கரத்துக்குள்ளேயே பொருத்திய சிறிய மோட்டார் நீண்ட ஏற்றத்தில் சூடேறும். பழைய வயரிங் உள்ள லயன் அறையில் இரவு முழுவதும் சார்ஜ் செய்வதும் பாதுகாப்பானது அல்ல. கண்டி நகரத்துக்குள் மட்டும் ஓடுபவர் யோசிக்கலாம்.

பாவித்த வண்டியைப் பார்வையிடுதல்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஸ்கூட்டர்கள் கைமாறிக் கைமாறி ஓடின. மீட்டரைத் திருப்பியவையும் அவற்றில் உண்டு. ஆகவே மீட்டரை விட்டு, மனிதக் கை, கால் பட்ட இடங்களைப் பாருங்கள். கால் பலகை ரப்பரின் வரிகள் அழிந்து, ஹேண்டில் பிடிகள் வழுவழுத்து, சாவித் துவாரம் தளர்ந்திருக்கும் வண்டி 12,000 கிலோமீற்றர் மட்டும் ஓடியது என்றால் நம்ப வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 3521 என்றால் 2021 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் தயாரானது. பூ தேயாமல் இருந்தாலும் பல ஆண்டுகள் பழைய டயர் இறுகியிருக்கும். நனைந்த வீதியில் வழுக்கும்.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். "டக்" என்ற தட்டு உணரப்பட்டால், ஹேண்டில் திரும்புவதற்கு உதவும் பெயாரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. கல் ரோட்டில் ஓடிய வண்டிகளில் இது மிகச் சாதாரணம், விலையைக் குறைக்கக் கேட்கலாம். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் எங்காவது சிக்கினாலும் அதே காரணம்தான். அடுத்து, டோர்ச் வெளிச்சத்தில் கால் பலகைக்குக் கீழே உள்ள சட்டத்தைப் பாருங்கள். மேற்பரப்பு எவ்வளவு மினுங்கினாலும், மலையகத்தின் ஈரம் அங்கே துருவாகப் படிந்திருக்கும். படலமாக இருந்தால் தேய்த்து வர்ணம் பூசலாம்; செதிலாகக் கழன்று விழுந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் 20,000 கிலோமீற்றரைக் கடந்ததும் அது மாற்றும் நிலையை அடைந்துவிடும். நடு ஏற்றத்தில் பெல்ட் அறுந்தால் என்ஜின் ஓடும், வண்டி ஓடாது.

கடன், அனுமதிப்பத்திரம், ஆவணங்கள்

லீசிங்கில் வாங்குபவர் மாதத் தவணையை மட்டும் கேட்டுத் திருப்தி அடைவது வழக்கமாகிவிட்டது. முற்பணத்துடன் எல்லாத் தவணைகளையும் கூட்டி, அதில் ரொக்க விலையைக் கழித்துப் பாருங்கள். எஞ்சுவது நீங்கள் கடனுக்குக் கொடுக்கும் விலை. தவணைக் காலத்தை நீட்ட நீட்ட அது வளரும். தவணை தவறினால் வண்டி சீஸ் செய்யப்படலாம் என்பதால், கொழுந்து குறைந்து வேலை நாட்களும் குறையும் மாதங்களில் வீட்டு வருமானம் எப்படி இருக்கும் என்பதை வைத்தே தவணையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஒப்பந்தம் உங்களுக்கு விளங்கும் மொழியில் இல்லையென்றால், விளக்கம் கேட்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.

சாரதி அனுமதிப்பத்திரம் பெற 18 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். 100 சி.சி. வரையான வண்டிகளுக்கு ஏ1, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ என்று வகுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளன. இங்கே பேசப்பட்ட 110, 125 சி.சி. வண்டிகள் அனைத்துக்கும் ஏ வகுப்பு தேவை. ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் ஹெல்மெட் அணிவது கட்டாயம் என்பதால், வண்டியின் விலையோடு எஸ்.எல்.எஸ். தர முத்திரையுள்ள இரண்டு ஹெல்மெட்டுகளின் விலையையும் சேர்த்தே பணத்தை ஒதுக்குங்கள். மழைக் கோட்டும் அந்தக் கணக்கில் சேர வேண்டியது. காப்புறுதியைப் பொறுத்தவரை, மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டத்தைத் திருப்திப்படுத்தும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அதில் எதுவும் கிடைக்காது. புதிய வண்டிக்கு முழுக் காப்புறுதியே பொருத்தமானது.

பாவித்த வண்டியானால் பணம் கைமாறுவதற்கு முன்னர் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைப் பார்த்து, செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். லீசிங் நிறுவனம் ஒன்றின் பெயர் அதில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் மேற்கொண்டு பேச வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவற்றின் முடிவுத் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஓப்பன் பேப்பரில்" வாங்கி ஆண்டுக் கணக்கில் பெயர் மாற்றாமல் ஓட்டுவது இங்கே பரவலாக உள்ளது. விபத்து நேர்ந்தாலும், வண்டி திருடுபோனாலும், உரிமையை நிரூபிக்க முடியாமல் அலைய வேண்டியவர் வாங்கியவரே. ஆகவே விற்பவரைக் கையோடு அழைத்துச் சென்று, உரிமை மாற்றத்துக்கான படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டு, தாமதமின்றித் திணைக்களத்தில் ஒப்படையுங்கள். விற்பவருடைய அடையாள அட்டையின் பிரதியும் தொலைபேசி இலக்கமும் உங்களிடம் இருக்க வேண்டும். இவற்றோடு, வண்டியின் இரண்டாவது சாவியையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.